கேள்வியின் இரு பொருள்: தற்காப்பு அமைச்சரான ஒரு வழக்கறிஞர்



'கேள்வி' எனும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. ஒன்று வினவுதல், மற்றொன்று செவிவழி அறிதல். திருக்குறளில் அப்பெயர் தாங்கிய அதிகாரம் இரண்டாம் பொருளையே பேசுகிறது. இவ்விரண்டும் ஒருவரிடம் கூடியபோது என்ன நிகழ்ந்தது என்பதை அமெரிக்க வழக்கறிஞர் கிளார்க் கிளிஃபோர்டின் வாழ்வில் இன்று காண்போம்.

கிளிஃபோர்டு 1928இல் செயின்ட் லூயிஸ் நகரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கடற்படைப் பணி அவரை வெள்ளை மாளிகைக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே அதிபர் ட்ரூமனின் சட்ட ஆலோசகராக விளங்கிய அவர், 1947ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் உருவாவதிலும் பங்காற்றினார். 1950இல் வாஷிங்டனில் மீண்டும் தம் தொழிலுக்குத் திரும்பினார்.

வியட்நாம் போரில் தரைப்படையைப் பெருக்க வேண்டாமென 1965இல் அதிபர் ஜான்சனுக்கு அறிவுரை கூறியவர் அவர். எனினும், முடிவு எடுக்கப்பட்டபின் போரை ஆதரித்தார். 1967இல் அதிபரின் தூதராகத் தாய்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நட்பு நாடுகளுக்குச் சென்று கூடுதல் படை வேண்டினார். போர்க்களத்திற்கு அண்மையிலிருந்த அந்நாடுகளே தயங்கின. அத்தயக்கத்தை அவர் செவிமடுத்தார். உள்ளத்தில் ஐயம் முளைத்தது.

1968 மார்ச் 1ஆம் நாள் தற்காப்பு அமைச்சராகப் பொறுப்பேற்றார். அதற்கு ஒரு மாதம் முன்புதான், வியட்நாமியப் புத்தாண்டான தெட் திருநாளில் பெருந்தாக்குதல் நிகழ்ந்திருந்தது. ஏறத்தாழ 500,000 அமெரிக்க வீரர்கள் களத்தில் இருந்தும், மேலும் 206,000 பேர் தேவையெனத் தளபதிகள் கோரினர். அப்படையை எவ்வாறு அனுப்புவது என்பதை ஆராயவே கிளிஃபோர்டு பணிக்கப்பட்டார். அவரோ, அனுப்பத்தான் வேண்டுமா என்று ஆராயலானார்.

நீதிமன்றத்தில் சாட்சிகளை வினவுவது போலத் தளபதிகளை வினவினார். இவ்வளவு வீரர்கள் போதுமா? போதாவிடில் இன்னும் எத்தனை பேர்? எவ்வளவு காலம்? வெற்றிக்கான திட்டம் யாது? எதற்கும் உறுதியான விடை கிட்டவில்லை. கிட்டாத விடையையும் ஒரு விடையாகவே கொண்டு, அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மார்ச் 31இல், வடவியட்நாம் மீதான குண்டுவீச்சைக் குறைப்பதாக ஜான்சன் அறிவித்தார். அம்மாற்றம் கிளிஃபோர்டு ஒருவரால் மட்டும் விளைந்ததன்று; ஆயினும் அவர்தம் பங்கு பெரிது. போரோ 1975 வரை நீண்டது.

வரலாறு இங்கே முடிந்திருந்தால் நாம் அவரைப் புகழ்ந்து அமையலாம். முதுமையில் அவர் தலைமையேற்ற வாஷிங்டன் வங்கியொன்று, மோசடியில் சிக்கிய பன்னாட்டு வங்கியொன்றின் மறைமுக உடைமை எனத் தெரியவந்தது. தாம் ஏமாற்றப்பட்டதாகவே அவர் கூறினார். 1992இல் அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. உடல்நலக் குறைவால் வழக்கு கைவிடப்பட்டது. 1998இல் தம் 91ஆம் வயதில் மறைந்தார்.

அவர் கூற்றை அப்படியே ஏற்பினும் நமக்கு ஒரு வினா எஞ்சுகிறது. தளபதிகளிடம் அடுக்கடுக்காய் வினவிய அந்நா, தம் கட்சிக்காரர்களிடம் வினவத் தவறியது ஏன்? பிறரை வினவுவதினும் நம்மை நம்புவோரை, நமக்கு ஊதியம் தருவோரை வினவுவது கடினம்.

ஆசிரியர்களே, விடை கூறும் மாணவரை நாம் பாராட்டுகிறோம்; நம்மையே வினவும் மாணவரையும் பாராட்டப் பழகுவோம். மாணவர்களே, வினவியபின் விடைக்குச் செவி கொடுங்கள். அவ்விடை உங்கள் கருத்தை மாற்றுமாயின், மாற்றிக்கொள்ள நாணாதீர்கள்.