முன்னேற்ற நூல்களும் நாவல்களும்

(ஜொகூர், பாலோ வட்டாரத்தில் நடைபெற்ற வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



அண்மையில் படித்த நூல்களைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு இக்கூட்டத்தினர் நம்மைப் பணித்தார்கள். நாம் எழுத்தாளரும் அல்லோம், திறனாய்வாளரும் அல்லோம். பால்மரத் தோட்டத்தில் பிறந்து, கிடைத்த நூலையெல்லாம் படித்து வளர்ந்த ஒரு வாசகர், அவ்வளவே. ஆகவே இங்கே கூறப்போவது ஆராய்ச்சியன்று. ஒரு வாசகரின் கருத்து.

நம் மேசைமீது இருவகை நூல்கள் உள்ளன. ஒருவகை, வாழ்வில் முன்னேற வழிகாட்டும் நூல்கள். மற்றொருவகை, தோட்ட மக்களின் வாழ்வைக் கூறும் நாவல்கள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று வழக்காடுகின்றன என்பதே நாம் கண்ட உண்மை. “உன் வாழ்வு உன் கையில்” என்கிறது முன்னது. “உன் வாழ்வு யார் யார் கையில் இருந்தது என்று பார்” என்கிறது பின்னது. இவற்றுள் எதனை நம்புவது?

முதலில் முன்னேற்ற நூல்களைக் காண்போம். தமிழில் இத்தகைய நூல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூல்களைத் தமிழில் தந்தவர் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1908-ஆம் ஆண்டில் தண்டனை பெற்றுச் சிறை சென்று, செக்கிழுத்து வருந்திய காலத்திலும் அவர் எழுத்துப் பணியை விடவில்லை. ‘மனம் போல வாழ்வு’, ‘அகமே புறம்’ ஆகியவை அவர் தந்த மொழிபெயர்ப்புகள். அவருக்குப் பின்னர் அப்துற் றஹீம் எளிய நடையில் பல நூல்களை எழுதினார். அமெரிக்காவில் வாழ்ந்து தமிழகம் திரும்பிய டாக்டர் எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நம் தலைமுறை இளைஞர் பலரைத் தட்டி எழுப்பிய நூலாகும்.

இந்நூல்களால் நாம் பெற்ற நன்மையை மறைப்பது நன்றி மறப்பதாகும். வரவு செலவுக் கணக்கு எழுதவும், ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்கவும், பிறர்முன் தலைநிமிர்ந்து பேசவும் நமக்குக் கற்பித்தவை இவையே. ‘நம்மால் ஆகாது’ என்னும் சொல்லே நாள்தோறும் காதில் விழுந்த லயத்து வீட்டில், ‘ஆகும்’ என்று சொன்ன முதற்குரல் இந்நூல்களின் குரல்.

ஆயினும் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். வைகறையில் எழுபவன் வாழ்வில் உயர்வான் என்று இத்தகைய நூல்கள் பல கூறுகின்றன. நம் தாய்மார்கள் விடியுமுன்னே எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடியவர்கள். வைகறையில் எழுவது ஒன்றே செல்வத்திற்கு வழியாயின், இந்நாட்டின் பெருஞ்செல்வர்கள் எல்லோரும் பால்மரம் சீவியவர்களாக அன்றோ இருந்திருக்க வேண்டும்?

இனி நாவல்களுக்கு வருவோம்.

டாக்டர் பி. எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்தவர். அவர் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த நாவலை, ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் இரா. முருகவேள் தமிழாக்கியுள்ளார். கறுப்பனும் வள்ளியும் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். கடன் தீர்ந்தால் ஊர் திரும்பலாம், கடனோ தீர்வதில்லை. மலையில் பரவும் காய்ச்சலை எழுதுமிடத்தில் மருத்துவரின் கை தெரிகிறது. அழுகையைப் பெருக்காமல் நோயின் காரணத்தைக் காட்டுவதுபோல் வறுமையின் காரணத்தையும் காட்டுகிறார். கங்காணி முறையில் மலாயாவுக்கு வந்த நம் முன்னோர்க்கு இக்கதை அயலார் கதையன்று.

அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ நம் நாட்டுத் தோட்டங்களை நேரில் கண்டு எழுதப்பட்டது. நம் துயரைத் தமிழகத்து வாசகர்க்கு எடுத்துச் சென்ற அன்பு அந்நூலில் உண்டு. எனினும் அது விருந்தினர் ஒருவர் கண்ட காட்சி. நம் மண்ணிலேயே வாழ்ந்து எழுதிய அ. ரெங்கசாமியின் நூல்களைப் படிக்கும்போது, வீட்டுப் பெரியவர் திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்ற நெருக்கம் தோன்றுகிறது. ‘லங்காட் நதிக்கரை’யும், சயாம் இரயில்பாதையில் மாண்டவர்களைப் பற்றிய ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலும் ஒவ்வொரு தோட்டத்து வீட்டிலும் இருக்கத்தக்கவை. அதே இரயில்பாதையைப் பற்றி ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலையும் இவற்றோடு சேர்த்துப் படித்தல் நன்று.

நாவல்களிலும் குறையுண்டு. சில ஆசிரியர்கள் தோட்டத்து மாந்தரைக் கண்ணீர் வடிக்க மட்டுமே படைக்கிறார்கள். வாசகரும் பெருமூச்சுவிட்டு நூலை மூடிவிடுகிறார். நாளைக் காலையில் என்ன செய்வது என்னும் வினாவுக்கு அங்கே விடையில்லை.

இவ்விருவகை நூல்களுக்கும் இடையே உள்ள வழக்கு நம் வீட்டிலேயே நடந்ததுண்டு. அதனைச் சொல்ல நாணமாக இருக்கிறது. எனினும் இளைஞர்களின் நன்மை கருதிச் சொல்கிறோம்.

இருபது வயதில் ‘எண்ணங்கள்’ நூலைப் படித்த சூட்டில், நாம் தந்தையாரைப் பார்த்துக் கேட்டோம்: “நீங்கள் ஏன் முயலவில்லை? முயன்றிருந்தால் நமக்கு இந்த லயம் எதற்கு?” அவர் மறுமொழி கூறவில்லை. மரம் சீவும் கத்தியை எடுத்துத் தீட்டத் தொடங்கினார். பிற்காலத்தில் பால்மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தபோது, வேலையோடு வீடும் போயிற்று. அப்போதும் அந்தக் கேள்வி நம் மனத்தில் இருந்தது.

பல்லாண்டுகள் சென்றன. அவர் கண்பார்வை மங்கிய முதுமையில், ‘நினைவுச் சின்னம்’ நாவலை இரவுதோறும் படித்துக் காட்டினோம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளப் பாதையை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் முடிக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஏற்றிச் செல்லப்பட்டதையும், பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் மாண்டதையும் அவர் கேட்டார். மூன்றாம் இரவில், “போதும் தம்பி” என்றார். சற்றுநேரம் கழித்துப் பேசினார்:

“உன் தாத்தாவையும் அப்படித்தான் ஏற்றினார்கள். திரும்பவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. மறுமாதம் வாளியைத் தூக்கினேன். பள்ளிக்கூடம் அதோடு சரி.”

அதுவரை அவர் இதை நம்மிடம் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. ஏன் முயலவில்லை என்று கேட்கத் தெரிந்த நமக்கு, என்ன நடந்தது என்று கேட்கத் தெரியவில்லை. அந்த வினாவை நமக்குக் கற்பித்தது ஒரு நாவல்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. “அன்றைக்கு நீ படித்தாயே, அந்தப் புத்தகத்தையும் படித்துக் காட்டு” என்றார் தந்தையார். படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டார். “நல்ல பேச்சுதான். ஆனால் இது தனி ஆளுக்குச் சொன்னது” என்று கூறி, தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அடியில் ஒரு பழுப்பேறிய தாள் இருந்தது. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் வாங்கிய பங்கின் சீட்டு அது.

அச்சங்கத்தின் வரலாற்றை இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து தெருவில் நின்றனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை அவர்களே வாங்கட்டும் என்று 1960-இல் அச்சங்கத்தை அமைத்தார். முதன்முதலாகக் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நம் தந்தையாரும் அரிசிக் காசில் மிச்சம் பிடித்துப் பங்கு செலுத்தியிருக்கிறார். ‘முயலாதவர்’ என்று நாம் பழித்த மனிதர் முயன்றிருக்கிறார்; தனியாக அன்று, மற்றவர்களோடு சேர்ந்து.

இந்த ஒளியில் பழைய நூல்களை மீண்டும் புரட்டினோம். மனம் போல வாழ்வு அமையும் என்று மொழிபெயர்த்த வ. உ. சி., 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனமும் பலர் பங்கு சேர்த்து உருவாக்கியதே. பின்னாளில் அவர் கப்பலையும் வழக்குரைஞர் தொழிலையும் இழந்து வறுமையுற்றாரே, அது அவர் எண்ணத்தின் குற்றமா? அன்று, எதிரே நின்ற ஆட்சியின் செயல். தனிமனித எண்ணத்தின் ஆற்றலைப் பேசிய உதயமூர்த்தியும் 1988-இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். ‘உன்னால் முடியும்’ என்று கூறியவர்களே, ‘நம்மால் முடியும்’ என்னும் இடத்திற்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆகவே அன்பர்களே, முன்னேற்ற நூலையும் நாவலையும் பகையாக்க வேண்டா. முன்னேற்ற நூலை உங்களை நோக்கித் திருப்பிப் படியுங்கள். அது உங்கள் சோம்பலைக் கடியட்டும். அதனைக் கொண்டு பிறரை அளக்காதீர்கள். பெற்றோரை ஒருபோதும் அளக்காதீர்கள். நாவலைப் பிறரை அறிந்துகொள்ளப் படியுங்கள்; அதனை உங்கள் சோம்பலுக்குச் சாக்காக்காதீர்கள். ஒரு மாதம் ஒன்றைப் படித்தால் மறுமாதம் மற்றதைப் படியுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டில் எழுத்தறியாத, அல்லது கண் மங்கிய பெரியவர் இருப்பின், இரவில் அரைமணி நேரம் அவருக்கு ஒரு நூலைப் படித்துக் காட்டுங்கள். நூலில் இல்லாத கதையொன்று அவரிடம் இருக்கும். அதனைக் கேட்டு எழுதி வையுங்கள். பாலோவைச் சுற்றியுள்ள தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் இன்னும் அச்சேறாமல் அவர்கள் நெஞ்சில்தான் இருக்கிறது.

நம் தந்தையார் இப்போது இல்லை. அந்தப் பங்குச் சீட்டை ‘எண்ணங்கள்’ நூலுக்குள் வைத்துப் பாதுகாத்து வருகிறோம்.