மூட்டை உரமும் குப்பை உரமும்



பயிரின் இலை வெளுக்கிறது. உடனே பலர் யூரியா வாங்கிப் போடுகிறார்கள். அப்படியும் பயிர் தேறவில்லை என்றால்? பணம் போனது. காரணம் வேறாக இருக்கலாம். துத்தநாகம் குறைந்திருக்கலாம். இரும்புச் சத்து குறைந்திருக்கலாம்.

இவை நுண்ணூட்டச் சத்துகள். சாப்பாட்டுக்கு உப்பு போலக் கொஞ்சம்தான் வேண்டும். ஆனால் இல்லாமல் முடியாது.

ஆனைகட்டி மலைப்பாதையில் கீழே இறங்கினால் கோயம்புத்தூர். அங்கே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஒரு நிலம் உண்டு. 1909-இல் அதில் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரு பாத்திக்கு உரமே இல்லை. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும். ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளும். இன்னொன்றுக்கு மாட்டு எரு மட்டும். 100 ஆண்டுகளுக்கு மேல் இப்படியே செய்தார்கள்.

என்ன தெரிந்தது? மூன்று சத்தும் சேர்ந்தால் நல்ல விளைச்சல். எருவிட்ட பாத்தியிலோ மக்கு அதிகம். நுண்சத்துகளும் அதிகம்.

ஏன்? மூட்டை உரத்தில் பெரும்பாலும் அந்த மூன்று சத்துதான். விளைச்சல் கூடக் கூட, பயிர் துத்தநாகத்தையும் அள்ளிக்கொண்டு போகிறது. யாரும் திருப்பித் தருவதில்லை. மணிச்சத்து அளவுக்கு மிஞ்சினாலும் துத்தநாகம் வேருக்குக் கிடைக்காது. எருவில் எல்லாச் சத்தும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. அதன் மக்கு, சத்துகளைப் பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கும். ‘ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

அப்படியானால் மூட்டை உரம் வேண்டாமா? வேண்டும். இரண்டும் சேர வேண்டும். ஏக்கருக்கு 5 டன் தொழுஉரம் நல்லது. நெல்லுக்குத் துத்தநாகம் குறைந்தால், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்கு முன் தூவலாம். பசுந்தாள் உரம் இட்டிருந்தால் 5 கிலோ போதும். பாதிச் செலவு மிச்சம்!

எது குறைவு என்று மண்ணைச் சோதித்தால் தெரியும். 10, 15 இடங்களில் அரை அடி ஆழத்தில் மண் எடுங்கள். வரப்பு ஓரம், மர நிழல், குப்பைமேடு வேண்டாம். கலந்து அரைக் கிலோ கொடுங்கள். உரச்சாக்கில் மட்டும் கட்டாதீர்கள்.

சோதனைச் சீட்டு வரும். அதை நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.