கழிவு நீரில் ஒரு விளக்கு
(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நல்ல நாளும் அதுவுமாய் இவர் மலசலகூடத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் முகம் சுழிக்கலாம். முகாமில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இருட்டில் அங்கே போகப் பயந்து, பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் பெண்கள் பல நாட்டு முகாம்களிலும் இருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தால் அது பெரிய காரியம். அங்கே சேரும் சிறுநீரைக் கொண்டே அந்த விளக்கை எரிக்கலாம் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

பகிடி இல்லை. 2015ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில், வெஸ்ட் ஒஃப் இங்லண்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் யொவானிஸ் இயரோபூலொஸ் குழுவினர், ஒக்ஸ்பாம் நிறுவனத்தோடு சேர்ந்து, அகதி முகாம்களை மனதில் வைத்தே இதைச் செய்து காட்டினார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் 288 நுண்ணுயிர் மின்கலங்கள். அதே ஆண்டு யூன் மாதம் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் 432. அங்கே நாளொன்றுக்குச் சுமார் 1000 பேர் பாவித்தார்கள். உள்ளே விளக்கு எரிந்தது.

எப்படி? நாங்கள் சாப்பிடும் உணவிலிருந்து வரும் இலத்திரன்களை, மூச்சில் இழுக்கும் ஒட்சிசனிடம் கொடுத்துவிடுகிறோம். ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் ஜியோபக்டர் போன்ற பற்றீரியாக்கள் அவற்றை இரும்புத் தாதுக்களிடம் கொடுக்கின்றன. இரும்புக்குப் பதிலாக ஒரு காபன் மின்வாயை வைத்தால் அதனிடமும் கொடுக்கும். அங்கிருந்து வயர் வழியாக, விளக்கு வழியாக, இலத்திரன்கள் மற்ற மின்வாய்க்குப் போய் ஒட்சிசனைச் சேர்கின்றன. அதுதான் மின்சாரம். நுண்ணுயிர்களிடமிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை பொட்டர் என்ற தாவரவியற் பேராசிரியர் 1911இலேயே காட்டிவிட்டார்.

ஆனால் ஒரு கலம் தருவது 1 அல்லது 2 மில்லிவாற்று மட்டுமே. அதைக் கூட்ட வேண்டுமானால் பற்றீரியாக்கள் மின்வாயில் நன்றாக ஒட்டிக் குடியேற வேண்டும். கிணற்றடியில் வழுக்குகிறதே, காலையில் பல்லில் பிசுபிசுக்கிறதே, அதுபோன்ற ஒரு படலம். இதை உயிர்ப்படலம் என்பார்கள். அதை வளர்ப்பதற்கு நாலு வழி சொல்கிறேன்.

முதலாவது, இடம். வழுவழுப்பான தட்டை விடக் காபன் துணியும், காபன் நாரில் செய்த தூரிகையும் நல்லவை. ஒட்டுவதற்குப் பரப்புக் கூட. துளைகள் மிகச் சிறிதாக இருந்தால் அடைபட்டுப் போகும்.

இரண்டாவது, கவர்ச்சி. பற்றீரியாவின் மேற்புறம் மறை ஏற்றம் உடையது. ஆகவே மின்வாய்க்கு நேர் ஏற்றம் கொடுத்தால் அது இலகுவாக ஒட்டும். அமெரிக்காவில் செங், லோகன் என்ற இருவரும் காபன் துணியை அமோனியா வாயுவில் 700 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினார்கள். கலம் வேலை தொடங்க எடுக்கும் காலம் பாதியாகக் குறைந்தது, மின்சாரமும் கூடியது. இது 2007இல் வெளிவந்த ஆய்வு.

மூன்றாவது, உறை. நேற்றைய மோரை விட்டுத்தானே பாலை உறைய வைக்கிறோம்? அதுபோல, ஏற்கெனவே ஓடும் கலத்தின் நீரைக் கொஞ்சம் புதிய கலத்தில் விட்டால் படலம் கெதியாகப் பிடிக்கும். இல்லாவிட்டால் கிழமைக் கணக்கிலும் காத்திருக்க நேரும்.

நான்காவது, அளவு. அந்த மின்வாய்ப் பக்கம் காற்றுப் போகக்கூடாது. போனால் இலத்திரன்கள் வயருக்கு வராமல் ஒட்சிசனிடம் போய்விடும். படலம் மிகவும் தடித்தாலும் கூடாது. உள்ளே உணவு போகாது, அமிலம் தேங்கும்.

இந்தக் கலங்களால் வீட்டைச் சூடாக்க முடியாது. அப்படிச் சொல்லி யாராவது காசு கேட்டால் நம்பாதேயுங்கோ. ஆனால் இருட்டில் நடக்கும் ஒரு பிள்ளைக்கு வெளிச்சம் காட்ட அந்தச் சின்ன மின்சாரமே காணும்.

இங்கே இரசாயனமும் உயிரியலும் படிக்கும் பிள்ளைகளே, மலிவான மின்வாயும் நிலைத்து நிற்கும் படலமும் இன்னும் தேவைப்படுகின்றன. முகாம் என்றால் என்ன என்று கேட்டு வளர்ந்த நீங்கள் இந்த வேலைக்குப் போனால், அது யாருக்காக என்பதை மறக்கமாட்டீர்கள்.