மௌண்டு ரோடு உயர்மாடமும் நமது கட்டட யோசனையும்

(ஸ்ரீரங்கத்தில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்யாசம்)

  

திருச்சி கண்டோன்மெண்டிலுள்ள நமது பழைய சத்திரத்தை இடித்து, அவ்விடத்தில் எட்டு மாடியில் ஆபீசுக் கட்டடம் ஒன்று எழுப்பி, அதன் வாடகையை நம்மவர் குழந்தைகளின் படிப்புக்குச் செலவிடலாமென்னும் யோசனை சில மாதங்களாக நடந்து வருகிறது. இதன் பொருட்டு நம்முள் இரு கட்சிகள் ஏற்பட்டிருப்பதும் தாங்கள் அறிந்ததே. எக்கட்சிக்கும் வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. இத்தகைய கட்டடங்களுக்கு நம் நாட்டில் முன்னோடியாய் நின்ற சென்னை எல்.ஐ.சி. மாடத்தின் சரித்திரத்தைக் கேட்டபின் தாங்களே தீர்மானிக்கலாம்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் சென்னைக்குப் போய்த் திரும்பியவரை ஊரார் கேட்கும் முதற் கேள்வி, எல்.ஐ.சி.யைப் பார்த்தீரா என்பதுதான். சினிமாக்களிலும் பட்டிக்காட்டான் பட்டணம் வந்திறங்கினான் என்று காட்ட, சென்ட்ரல் ஸ்டேஷனையும் இந்த மாடத்தையும் காட்டினாற் போதும். தலைப்பாகை விழ அண்ணாந்து நின்று மாடிகளை எண்ணியவருள் நாமும் ஒருவரே. எண்ணுந்தோறும் கணக்குத் தப்பிற்று.

இம்மாடத்தை நினைத்தவர் எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் அவர்கள். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியைத் தோற்றுவித்தவரும் அவரே. தமது யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக 1953-இல் வேலையைத் தொடங்குவித்தார். லண்டனைச் சேர்ந்த பிரௌன், மௌலின் என்னும் சிற்பிகள் படம் வரைந்தனர். 18 மாடி என்பது முதல் எண்ணம். மறு ஆண்டு, 1954 மார்ச்சு 13-ஆம் நாள், சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் செட்டியாரவர்கள் காலமானார்கள். 1956-இல் சர்க்கார் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையெல்லாம் தேசியமாக்க, அரைகுறையாய் நின்ற கட்டடம் புதிய கார்ப்பொரேஷன் கைக்குப் போயிற்று. 1957-இல் சீமைச் சிற்பிகளும் விலகினர். சென்னையிலிருந்த எல். எம். சித்தலே என்னும் சிற்பி எஞ்சிய வேலையை ஏற்று முடித்தார். 1959 ஆகஸ்டு 23-ஆம் நாள் நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தபோது அது 12 மாடியும் 177 அடி உயரமும் உடையதாயிருந்தது. செலவு சுமார் 87 லட்ச ரூபாய்.

தொடங்கியவர் இல்லை, கம்பெனி இல்லை, படம் வரைந்தவரும் இல்லை. ஆயினும் கட்டடம் முடிந்தது. ஸ்ரீரங்கத்தாருக்கு இது புதுமையன்று. நம் தெற்கு ராஜகோபுரம் அடிநிலையோடு பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாய் நின்று, அஹோபில மடத்து 44-ஆம் பட்டம் ஜீயர் சுவாமிகளின் முயற்சியால் 1987-இல்தான் 13 நிலைகளும் 236 அடியும் பெற்று முடிந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள் இச்சபையில் பலர் உளர்.

நிற்க. அம்மாடத்தை நாட்டிலேயே உயர்ந்த கட்டடம் என அக்காலத்தில் புகழ்ந்தனர். மனிதர் இருந்து வேலை செய்யும் கட்டடங்களுள் என்று கொண்டால் அது சரியே. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக 216 அடியில் நிற்கிறதன்றோ? அப்படியானால் புதுமை எங்கே என்று கேட்கலாம். உயரத்தில் அன்று, பாரத்தைத் தாங்கும் முறையில்.

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கட்டடத்தில் சுவரே பாரத்தைச் சுமக்கிறது. உயர உயர அடிச்சுவர் பருக்க வேண்டும். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் 1891-இல் 16 மாடிக்குச் செங்கற் சுவரையே நம்பி மொனாட்நாக் என்னும் கட்டடத்தை எழுப்பியபோது, தரையில் சுவர் 6 அடி கனம் ஆயிற்று. அவ்வளவையும் சுவர் தின்றுவிட்டால் வாடகைக்கு விட இடமேது? நம் முன்னோர் கோபுரத்தை நிலைக்கு நிலை குறுக்கி, மேலே போகப் போகப் பாரத்தைக் குறைத்து வென்றார்கள். உள்ளே குடியிருப்பார் இல்லாமையால் அது இயன்றது. ஆபீசுக்கோ பன்னிரண்டாம் மாடியும் முதல் மாடியளவு அகலம் வேண்டும். ஆகவே இரும்புக் கம்பி பொதிந்த காங்கிரீட் தூண்களும் உத்தரங்களும் எலும்புக்கூடுபோல் நின்று பாரத்தைச் சுமக்க, சுவர் வெறும் திரையாயிற்று. மேல்மாடி வரையில் வரிசை வரிசையாகச் சன்னல் வைக்கவும் முடிந்தது. சுண்ணாம்பிலிருந்து காங்கிரீட்டுக்கு மாறிய காலத்தின் எல்லைக்கல் இம்மாடமே என்பர். நமது சத்திரத்துச் சுவர்கள் முதல் வகை. அவற்றின்மேல் மாடி ஏற்றிவிடலாம் என்று சில நண்பர்கள் சொல்வது ஒருக்காலும் ஆகாது.

அழகைப் பற்றி ஒரு வார்த்தை. அதனைத் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாற் போலிருக்கிறது என்று பரிகசித்தவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. பொம்மையும் தோரணமும் ஒட்டாமல், உள்ளதை உள்ளபடி காட்டும் அந்த மெலிந்த உருவத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது. சுமார் 35 ஆண்டுகள் சென்னையில் அதனை மிஞ்சி வேறொரு மாடம் எழவுமில்லை.

இனி, இரு கட்சியாரும் பேசாத ஒன்று. 1975 ஜூலையில் இம்மாடத்தில் பெருந்தீ பற்றிற்று. காங்கிரீட் எலும்புக்கூடு தாங்கி நின்றமையால் பின்னர்ப் பழுதுபார்த்து மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2023 ஏப்ரலில் உச்சியிலிருந்த பெயர்ப்பலகையில் மீண்டும் தீ மூண்டு அணைக்கப்பட்டது. உயர்ந்த கட்டடத்தில் படிக்கட்டின் வழியே புகை மேலேறும். தீக்காலத்தில் லிப்டில் ஏறலாகாது. கிழவர்களும் கர்ப்பிணிகளும் எட்டாம் மாடியிலிருந்து எவ்வழியே இறங்குவர்? நமது யோசனைப் படத்தை நாம் மும்முறை புரட்டினோம். ஒரே படிக்கட்டுத்தான் இருக்கிறது. அதுவும் லிப்டைச் சுற்றியே ஏறுகிறது. இரண்டாவது படிக்கட்டுக்கு இடம் விட்டால் மாடிக்கு ஓர் அறை குறையும், வாடகையும் குறையும் என்று ஒரு நண்பர் சொன்னார். குறையட்டும்.

மற்றொன்று பணம். கையிருப்பு மூன்று மாடிக்கே போதும் என்று பொக்கிஷதார் சொல்லுகிறார். எட்டு மாடிக்குரிய அஸ்திவாரத்தை இப்போதே இட்டு, மூன்று மாடியை முடித்து வாடகைக்கு விட்டு, மற்றதை வருவோர் கையில் விடுவது கூடுமா என்பதை இஞ்சினீயரைக் கேட்டு எழுத்து மூலமாகப் பெறவேண்டும். பூமிக்குள் இடுவதைப் பின்னால் மாற்ற முடியாது; மேலே கட்டுவதைக் காத்திருந்தும் கட்டலாம். அஸ்திவாரச் செலவு கண்ணுக்குத் தெரியாத செலவாதலால், அதில் குறைக்கச் சொல்லும் சபலம் யாருக்கும் வரும், நமக்கும் வந்தது.

படங்கள் சங்கக் காரியாலயத்தில் வெள்ளிக்கிழமை மாலை வரை சுவரில் தொங்கும். பெண்மக்களும் வந்து பார்த்து, படிக்கட்டு விஷயத்தில் தங்கள் அபிப்பிராயத்தைக் காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். ஞாயிற்றுக்கிழமை வோட்டு.