வளரும் குழந்தையும் விரியும் தமனியும்

(தாம்பரம் வட்டாரப் பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், ஏரி மதகு ஆகியவற்றைப் பற்றியே நாம் மிகுதியும் பேசுகிறோம். இன்று குழந்தையின் மார்புக்குள் இருக்கும் சிறு மதகொன்றைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

இருதயத்திலிருந்து பெருந்தமனி என்னும் இரத்தக் குழாய் புறப்படும் வாயிலில் ஒரு வால்வு உண்டு. அதற்கு மூன்று இதழ்கள். நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்கள்தாம் அமைகின்றன. மதகு கோணலாகத் திறந்தால் நீர் ஒரு பக்கக் கரையையே தாக்கும் என்பதை உழவர் அறிவர். அதுபோல் இரத்தமும் தமனிச் சுவரின் ஒரு பக்கத்தில் மோதுகிறது. அச்சுவரும் பலருக்குப் பிறவியிலேயே வலிவு குன்றியிருக்கும். ஆகவே, சிலருக்குத் தமனி மெல்ல விரிகிறது.

இவ்விரிவு பெரும்பாலும் வலி தருவதில்லை. பிள்ளை ஓடி விளையாடும், பள்ளி செல்லும். "நன்றாயிருக்கும் பிள்ளைக்கு மறுபடியும் ஸ்கேன் எதற்கு?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஒரு நாள் கூலியை இழந்து பட்டணம் போகிறவர்கள் அவ்வாறு கேட்பது நியாயமே. குழந்தை வளரத் தமனியும் வளரும். உடல் வளர்ச்சியை மிஞ்சி அது விரிகிறதா என்பதைப் பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிட்டே அறியக்கூடும். குழந்தைப் பருவத்தில் தமனி கிழிவது மிக அரிது, அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் கவனியாது விட்டால், குடும்பத்தைத் தாங்கும் வயதில் உயிருக்கே ஆபத்து நேரலாம். காலத்தில் அறிந்தால் மருந்தாலும், தேவையாயின் அறுவைச் சிகிச்சையாலும் காக்கலாம்.

1928-இல் தாம்பரம் சானடோரியம் தோன்றிய வட்டாரம் இது. இருமல் நின்றதும் காசநோய் மருந்தை நிறுத்தலாகாது என்பதை நம் மக்கள் அறிவர். அந்தப் பொறுமையே இங்கும் வேண்டும்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருகின்றனர். அவர்கள் மேல் சிகிச்சைக்கு அனுப்பும் குழந்தை செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ சென்றதா, குறித்த நாளில் மீண்டும் சென்றதா என்று வார்டு அங்கத்தினர் விசாரித்தல் வேண்டும். பழைய ஸ்கேன் சீட்டுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். இக்குறை குடும்பவழி வருவதுண்டு. பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஒருமுறை எக்கோ பரிசோதனை செய்துகொள்வது நலம். அது ஒலி அலையால் செய்வது, ஊசியில்லை, வலியில்லை. அறுவைச் சிகிச்சை தேவைப்படின், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி பெற வழி கேளுங்கள்.

ஏரிக்கரையை மழைக்கு முன்னரே பார்வையிடுகிறோம். நம் ஊர்க் குழந்தைகள் விஷயத்திலும் அவ்வாறே செய்வோமாக.