கடலடி வடம் கரைக்கு வந்துவிட்டது, தோட்டத்துக்கு எப்போது?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மலேசியா இவ்வட்டாரத்தின் இணைய இணைப்பு மையமாக உருவாகி வருகிறது என்ற செய்தியை நாம் அடிக்கடி கேட்கிறோம். "அது ஜொகூர், சைபர்ஜெயா விவகாரம். கெடாவில் இருக்கும் நமக்கு அதில் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல விரும்புகிறேன்.

மையமாக இருப்பது கெடாவுக்குப் புதிய அனுபவம் அல்ல. நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த மண் இது. வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்கள் மெர்போக் ஆற்றோரம் தங்கின. ஒரு பருவக் காற்றில் வந்த வணிகர்கள் அடுத்த காற்று திரும்பும்வரை இங்கே காத்திருந்தார்கள். 1025ஆம் ஆண்டு வாக்கில் இராசேந்திர சோழன் படை அனுப்பும் அளவுக்கு இந்தத் துறைமுகத்துக்கு மதிப்பு இருந்தது. அதன் தடயங்களைப் பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றும் காணலாம். காற்றும் கடல் வழியும் இயற்கை தந்த கொடை. அந்தக் கொடையைப் பயன்படுத்திக் கொண்டது மனிதர்களின் திறமை.

சென்னையிலிருந்து பினாங்குக்கு

அடுத்த கட்டம் தந்தி. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலுக்கடியில் தந்தி வடம் போடப்பட்டது. நம் முன்னோர் கப்பலில் பல நாள் கடந்த அதே கடலைச் செய்தி மட்டும் சில மணி நேரத்தில் கடக்கத் தொடங்கியது.

அந்த வடத்துக்குள் உப்புநீர் புகாமல் காத்தது எது தெரியுமா? மலாயாக் காட்டில் விளைந்த தாபான் மரத்தின் பால். மலாய்க்காரர்கள் 'கெத்தா பெர்ச்சா' என்று சொன்ன பிசின் அது. நாம் தோட்டத்தில் வெட்டிய ரப்பர் பால் வேறு, இது வேறு. தாபான் மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். உலகக் கடல்களில் எல்லாம் வடம் போடப்போட, தீபகற்பக் காடுகளில் அந்த மரம் அரிதாகிப் போனது. வடம் செய்யும் ஆலையும் அதன் இலாபமும் இலண்டனில் இருந்தன. மரம் மட்டும் இங்கிருந்து போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே திரும்பி வருகிறேன்.

இன்றைய இணையமும் கடலடி வடத்தில்தான் ஓடுகிறது. செயற்கைக்கோள் வழியாகத்தான் எல்லாம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நாடுகளுக்கிடையே செல்லும் தரவில் பெரும்பகுதி கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளில்தான் செல்கிறது. 1997இல் ஃபிளாக், 1999இல் சீ-மீ-வீ 3, 2002இல் கொச்சியையும் தென்னாப்பிரிக்காவையும் இணைத்த சேஃப் என ஒவ்வொன்றாகப் பினாங்கில் கரையேறின. அண்மைப் பத்தாண்டுகளில் வந்த 'பே ஆஃப் பெங்கால் கேட்வே' வடம், பழைய தந்தியைப் போலவே சென்னையையும் பினாங்கையும் மீண்டும் இணைத்தது. 2017இல் ஏ.ஏ.இ.-1 வந்தது. கிழக்கே மெர்சிங்கிலும் தெற்கே மலாக்காவிலும் வேறு வடங்கள் கரையேறுகின்றன.

பினாங்கு, கெடாவின் வாசல். நம் தாத்தாமார்கள் மண் வெட்டிப் போட்ட ரயில் பாதை ஓரமாகவே இன்று கண்ணாடி இழையும் ஓடுகிறது. சுங்கை பட்டாணி, குரூண், அலோர் ஸ்டார் வழியாகத் தாய்லாந்து எல்லை வரை அது செல்கிறது.

வடம் மட்டும் போதுமா?

வடம் கரையேறினால் மட்டும் ஒரு நாடு மையமாகிவிடாது. மேலும் மூன்று தேவை.

முதலாவது, பரிமாற்ற நிலையம். ஒரே ஊரில் இருவர் இரண்டு நிறுவனங்களின் சேவையைப் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறுவனங்கள் உள்நாட்டில் இணைந்திருக்காவிட்டால், பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டிய தகவல் வெளிநாடு சென்று திரும்பும். இதைத் தவிர்க்கவே 2006இல் மலேசிய இணையப் பரிமாற்ற நிலையம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி தைவான் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் பல கடலடி வடங்கள் அறுந்தன. மலேசியா உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் இணையம் தடுமாறியது. பழுது பார்க்கப் பல வாரங்கள் ஆயின. உள்நாட்டுத் தகவல் உள்நாட்டிலேயே சுற்றவேண்டும், வழிகளும் பலவாக இருக்கவேண்டும் என்பதை அந்தச் சம்பவம் எல்லாருக்கும் புரியவைத்தது.

இரண்டாவது, சட்டம். அறுந்த வடத்தைப் பழுது பார்க்கத் தனிக் கப்பல்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கப்பல்கள். நம் கடலில் உள்நாட்டுக் கப்பல்களுக்கே முதலுரிமை என்ற விதியிலிருந்து 2019இல் அவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2020 நவம்பரில் அந்த விலக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. உள்ளூர்க் கப்பல் நிறுவனங்களும் வளரவேண்டும் என்பது ஒரு தரப்பின் நியாயம். பழுது பார்ப்பது தாமதமாகும் என்பது இணைய நிறுவனங்களின் முறையீடு. 2021இல் அறிவிக்கப்பட்ட எக்கோ, அப்ரிகாட் ஆகிய இரு பெரிய வடங்களின் பாதையில் மலேசியா இல்லை. விலக்கு நீங்கியதுதான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 2024 ஜூன் முதல் விலக்கு மீண்டும் வந்துவிட்டது. தெற்கே சிங்கப்பூரும், கடலிலிருந்து கடலுக்குத் தரைவழி வடம் கொண்ட வடக்கே தாய்லாந்தும் நமக்குப் போட்டியாக நிற்கின்றன. அடிக்கடி மாறும் விதியை எந்த முதலீட்டாளரும் விரும்பமாட்டார்.

மூன்றாவது, தரவு மையங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் செல்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய்வர அதற்கும் வினாடியில் ஏழில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். அதே தகவல் இங்கேயே சேமிக்கப்பட்டிருந்தால் அந்தத் தாமதம் இல்லை. 2019இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களைச் சில ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தபோது, முதலீடு ஜொகூருக்குத் திரும்பியது. 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் 220 கோடி அமெரிக்க டாலரும், கூகள் 200 கோடி டாலரும் மலேசியாவில் முதலிடுவதாக அறிவித்தன. கெடாவில் 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. இந்த மையங்களுக்கு வேண்டிய மின்னணுப் பொருள்களைச் செய்யும் அனுபவம் அங்கே வளர்ந்திருக்கிறது.

மரம் மட்டும் போனால்...

இப்போது தாபான் மரத்துக்குத் திரும்புகிறேன். தரவு மையம் ஏராளமான மின்சாரத்தையும் தண்ணீரையும் உறிஞ்சும். கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை இருக்கலாம். கட்டி முடித்தபின் நிரந்தர வேலை சிலருக்கே. நிலமும் நீரும் மின்சாரமும் மட்டும் நம்முடையவை, அறிவும் இலாபமும் பிறருடையவை என்றால், பழைய கதை மீண்டும் நடக்கிறது என்றுதான் பொருள்.

இணைப்பு விலையையும் பாருங்கள். மையமானால் விலை தானாகக் குறைந்துவிடாது. 2018இல் தொடர்பு பல்லூடக ஆணையம் மொத்த விலைக்கு வரம்பு கட்டிய பிறகுதான் வீட்டு இணையத்தின் விலை கணிசமாக இறங்கியது. பொதுமக்களுக்காக விதி செய்தால்தான் பொதுமக்களுக்குப் பலன் கிட்டும்.

அடுத்து, தோட்டம். 2010 மார்ச்சில் யூனிஃபை தொடங்கியபோது முதலில் இணைப்புப் பெற்றவை ஷா ஆலம், சுபாங் ஜெயா, பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஆகிய இடங்கள். வீடுகள் நெருக்கமாக உள்ள இடத்தில் வடம் போட்டால் செலவு சீக்கிரம் திரும்பும். பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு லயத்துக்கும் அடுத்த லயத்துக்கும் நடுவே செம்பனைதான். அதோடு தோட்டம் தனியார் நிலம். கம்பம் நடவும் கோபுரம் எழுப்பவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சாலைக்கும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் நம் பெற்றோர் கேட்ட அதே பதிலை, "இது தனியார் நிலம்" என்ற பதிலை, இணையத்துக்கும் நாம் கேட்கிறோம். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு இல்லிருப்புக் கற்றல் வந்தபோது, அந்தப் பதிலின் விலையைத் தோட்டத்துப் பிள்ளைகள் கொடுத்தார்கள். தாமானில் இருந்த பிள்ளை பாடம் கேட்டது. தோட்டத்துப் பிள்ளை அலைவரிசை கிடைக்கும் இடம் தேடி அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போனது.

பணம் இல்லாமல் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் 6 விழுக்காட்டை அனைவருக்கும் சேவை வழங்கும் நிதிக்குச் செலுத்தவேண்டும் என்பது சட்டம். பின்தங்கிய இடங்களுக்கு இணைப்புத் தருவதற்கே அந்த நிதி. எனவே நாம் செய்யவேண்டியது இதுதான். தோட்டத்துத் தலைவர்களும் ஆலய நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கூடி, எந்த லயத்தில் எத்தனை வீடு, எத்தனை மாணவர், எங்கே அலைவரிசை இல்லை என்று கணக்கெடுங்கள். நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அதையும் இணைத்து ஆணையத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். வாய்மொழிக் குறையைவிட வீட்டு எண்ணிக்கையோடு போகும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இத்துறை என்றதும் கணினிப் பட்டம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. கண்ணாடி இழையை ஒட்டுபவர், உயர் மின்னழுத்தத் தொழில்நுட்பர், குளிரூட்டி இயந்திரம் பராமரிப்பவர் ஆகியோர் இல்லாமல் எந்தத் தரவு மையமும் ஒரு நாள்கூட ஓடாது. எஸ்.பி.எம். தேர்வில் எட்டு 'ஏ' எடுக்காத பிள்ளைக்கும் இங்கே மரியாதையான வாழ்வு உண்டு. ஜித்ராவிலும் கூலிமிலும் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. விண்ணப்ப நாள் முடிந்தபின் விசாரிக்காமல், பிள்ளை நான்காம் படிவத்தில் இருக்கும்போதே விசாரியுங்கள்.

கடாரத்துக்குக் காற்று வந்தது, கப்பல் வந்தது. பினாங்குக்குத் தந்தி வந்தது. இப்போது ஒளி வந்திருக்கிறது. கரையிலிருந்து லயத்து வாசலுக்கு அதைக் கொண்டுவருவது நம் முயற்சியில்தான் இருக்கிறது.