கோயிலில் தாலிகட்டு, முற்றத்தில் கூழ்



கலியாணச் செலவைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் ஆடம்பரத்தைக் கண்டித்து அமைந்துவிடுவர். கண்டிப்பது எளிது. செலவைச் சுருக்கி, வீட்டார் மாத்திரம் கூடி மணத்தை முடித்தவர்கள் மறுநாள் ஊராரின் முகத்தில் எங்ஙனம் விழிப்பது என்பதே கடினமான வினா. அவ்வினாவுக்குப் புங்குடுதீவிலே, இறுப்பிட்டிக் கிராமத்தில், ஒரு வீட்டார் கண்ட விடையை நான் உடனிருந்து பார்த்தேன். அதனையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

சிறு மணம் நமக்குப் புதியதன்று. கூறை கொடுத்தலும் சோறு கொடுத்தலுமே எளிய குடும்பங்களில் மணச் சடங்காக நின்ற காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. மணமகள் தன் கையாற் சோறிட்டாள், மணமகன் உண்டான். அவர்கள் கணவனும் மனைவியும் ஆயினர். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவாளரின் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு மணம் நிறைவேறுகின்றது. தமிழகத்திலே, அண்ணாதுரை முதலமைச்சராயிருந்த 1967இல் இயற்றப்பட்ட சட்டம், புரோகிதரின்றி மாலை மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணத்துக்கும் ஏற்பளித்தது. கொரோனாத் தொற்றுப் பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளிலோ, அரசாங்கமே விருந்தினர் தொகையை மட்டுப்படுத்தியபோது, பெருஞ் செல்வரும் விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்களோடு தாலி கட்டினர். இவ்வளவு இருந்தும் நம்மவர் சிறு மணத்துக்கு அஞ்சுகின்றனர். அவர்கள் அஞ்சுவது இரண்டே சொற்களுக்கு: “எங்களுக்குச் சொல்லவில்லை.”

நான் குறிப்பிடும் வீட்டில் இரண்டு பெண்கள். தந்தையார் நாட்கூலிக்கு மேசன் வேலை செய்பவர். மூத்தவளின் கலியாணம் யாழ்ப்பாண நகரத்து மண்டபமொன்றில் நடந்தது. வெளிநாட்டிலே பிள்ளைகளை உடைய அயலவர் செய்வதைப்போல் தாமும் செய்யவேண்டும் என்று காணியை ஈடு வைத்தார். மண்டபக்காரரும் படம் பிடித்தவர்களும் அன்றே பணம் பெற்றுச் சென்றனர். வட்டி மாத்திரம் ஆண்டாண்டாக வீட்டிலே தங்கிற்று. இளையவள் என்னிடம் படித்தவள். 2022ஆம் ஆண்டில் அவளுக்கு மணம் பொருந்திய வேளை, நாட்டில் எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பொருள்களின் விலையோ நாளுக்கொன்று. “அப்பா காணியை விற்றுத்தான் என்னை அனுப்ப வேண்டுமென்றால் நான் போகமாட்டேன், சேர்” என்று அவள் என்னிடம் வந்து சொன்னாள். அடுத்த கிழமையே மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசினோம். ஊர்க் கோயிலில் இரு பகுதியிலும் இருபது பேருக்குள் தாலிகட்டு. நான்காம் நாட் பின்னேரம் எல்லாருக்கும் வீட்டு முற்றத்தில் விருந்து. அவர்கள் உடனே இணங்கியமை எங்களுக்கு வியப்பாயிருந்தது. அவர்களுக்கும் கடன் இருந்திருக்கும் போலும்.

நான்காம் நாள் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. நான்காஞ் சடங்கு என்பது நம்மிடையே பழைய வழக்கு. கலியாண நாளின் சைவச் சாப்பாடும் சபை ஒழுங்கும் கழிந்து, மச்சம் சமைத்து, நெருங்கியவர்கள் சட்டை கழற்றி இருந்து சிரித்துப் பேசும் நாள் அது. இக்காலத்தில் அவசரங் கருதி அதனை மறுநாளே முடித்துவிடுகின்றனர். இறுக்கமில்லாத விருந்து வேண்டுமென்று புதிதாக ஏதும் தேடத் தேவையில்லை. இருந்ததைச் சற்று விரித்தால் போதும்.

முதல் வேலை சொல்லுதல். கலியாணக் கடிதம் அச்சிடவில்லை. தாயும் தந்தையும் வெற்றிலையோடு வீடு வீடாகச் சென்றனர். சென்ற இடமெல்லாம் ஒரே வாசகம்: “கோயிலுக்கு வீட்டார் மாத்திரம் போறம். நாலாம் நாள் பின்னேரம் நீங்கள் எல்லாரும் வரவேணும். கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.” கூடப்பிறந்தவர்களுக்கு ஒன்று, தூரத்தவருக்கு ஒன்று என்று வாசகம் மாறினால் மனத்தாங்கல் வந்துவிடும் என்பதை அந்தத் தாய் நன்கு அறிந்திருந்தார்.

அடுத்தது தண்ணீர். பட்டினத்து நேயர்களுக்கு இது விளங்காது. புங்குடுதீவிலே பல கிணறுகள் உவர். குடிப்பதற்கு நல்ல நீர் பவுசரில் வரவேண்டும். நூற்றிருபது பேருக்குச் சோறும் எட்டுக் கறியும் ஆக்கினால், அரிசி களையவும் மரக்கறி கழுவவும் பாத்திரந் துலக்கவும் ஓடும் நீருக்குக் கணக்கில்லை. ஆகையால் உணவைத் தீர்மானித்தது நாக்கன்று, தண்ணீரே. ஒடியற் கூழ் என்று முடிவாயிற்று. ஒரு கிடாரம், ஓர் அடுப்பு. தட்டும் கோப்பையும் இல்லை. பனையோலையில் மடித்த பிளா. குடித்தபின் எறிந்துவிடலாம், கழுவ வேண்டியதில்லை. வாழையிலை என்றால் வலிகாமத்துத் தோட்டங்களிலிருந்து வரவேண்டும்; பனையோலை வேலிக்கு மேலே நிற்கின்றது. விறகும் பனையிலிருந்தே, எரிவாயுத் தட்டுப்பாடு எங்களைத் தீண்டவில்லை.

ஒடியல் மா ஆறு கிலோ வாங்கினோம். அதனைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்தாற்றான் கசப்பு நீங்கும்; இதில் அவசரப்படலாகாது. எஞ்சின் இல்லாத வள்ளங்களில் கரையோரம் பிடித்த மீனும் நண்டும் இறாலும் அன்று காலையே கிடைத்தன. பயிற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை ஆகியவற்றோடு செத்தல் மிளகாயை அரைத்துக் கூட்டி, புளி விட்டு, எல்லாம் அவிந்தபின்பு மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டுவது வழக்கம். மச்சம் உண்ணாதவர்களுக்கு வேறு பானையில் சைவக் கூழ் முன்னரே காய்ச்சி ஒதுக்கி வைத்தோம். அயற்பெண்கள் முந்தின நாள் பலகாரச் சூட்டுக்குக் கூடிப் பயற்றம் பணியாரமும் முறுக்கும் சுட்டனர். பனங்கட்டியோடு வெறுந்தேநீர். இவ்வளவே விருந்து.

பாகிஸ்தானிலே கலியாண விருந்தின் வீண்செலவைத் தடுக்க 1997இல் சட்டமே இயற்றினர். அங்குள்ள பஞ்சாப் மாகாணத்தில் பின்னர் ஒரேயொரு வகைக் கறி என்ற அளவில் விதி நின்றது. சட்டம் வந்து சொல்லவேண்டிய ஒன்றை எங்கள் கிடாரம் தானாகவே சொல்லிவிட்டது. கூழ் வைத்த வீட்டிலே எத்தனை கறி என்று எவரும் எண்ணுவதில்லை.

சோளகக் காற்று வீசும் மாதமாதலால் பெரிய பந்தல் வேண்டாமென்று மூத்தோர் தடுத்தனர். வேப்பமர நிழலில் பாய் விரித்தோம். வெயில் விழும் பக்கத்துக்கு மாத்திரம் கிடுகு கட்டினோம். முதியவர்களுக்குக் கதிரைகளும், சமையலுக்குக் கிடாரமும் சனசமூக நிலையம் தந்தது. ஒலிபெருக்கி வைக்கவில்லை. அதனால் மனிதர் ஒருவரோடொருவர் பேச முடிந்தது! பிள்ளைகள் ஒழுங்கையில் கிளித்தட்டு மறித்தனர். சற்று நேரத்தில் மாப்பிள்ளையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதிற் சேர்ந்துகொண்டார். நயினாதீவிலிருந்து வந்தவர்கள் குறிகட்டுவானில் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டுமாதலால், மூன்று மணிக்கே கூழ் இறக்கினோம். தீவிலே விருந்தின் நேரத்தைக் குறிப்பது படகின் நேரந்தான். முகூர்த்தம் பார்த்துக் கொடுத்த ஐயரும் இதற்கு இணங்கத்தான் வேண்டும்.

எல்லாம் நன்றாய் நடந்தது என்று சொல்லிவிட்டால் அது பொய்யாகும். பெண்ணின் பெரியப்பா கோயிலுக்கு அழைக்கப்படவில்லை. இருபது பேருக்குள் அவரை அடக்கினால் மற்றைய சகோதரர் மூவரையும் அடக்க வேண்டும் என்று தந்தை விட்டுவிட்டார். அது பிழை என்றே நான் இன்றும் எண்ணுகின்றேன். தொகையைச் சற்று மீறியிருக்கலாம். இருபது என்று முதலிற் சொன்னவன் நானாதலால் அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. அவர் விருந்துக்கும் வரமாட்டார் என்று செய்தி வந்தது. நாலு மணிக்கு மேல் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, திரும்பிப் போகவுமில்லை. முற்றம் முழுவதும் பேச்சு அடங்கிற்று.

அப்பொழுது பெண்ணின் தாய், வந்தவர்களுக்காக இரண்டாந் தரம் காய்ச்சிய கூழைக் கிண்டிக்கொண்டு நின்றார். அவர் படலைக்கு ஓடவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. நின்ற இடத்திலிருந்தே, “அத்தான், கை நோகுது. மா கட்டி பிடிக்கப் போகுது, இந்த அகப்பையை ஒருக்கால் பிடியுங்கோ” என்றார். பெரியவர் சிறிது நேரம் அசையாமல் நின்றார். பின்பு சால்வையை அரையிற் கட்டிக்கொண்டு வந்து அகப்பையை வாங்கினார். “புளி காணாது” என்பதே அவர் அன்று பேசிய முதற் பேச்சு. மேலும் புளி கரைத்தோம். மணமக்கள் வந்து காலில் விழுந்தபோது, ஒரு கையால் அகப்பையைப் பிடித்தவாறே மற்றக் கையால் ஆசீர்வதித்தார்.

மறுநாட் காலை கதிரைகளும் கிடாரமும் நிலையத்துக்குத் திரும்பின. தந்தையார் தண்ணீருக்கும் மீனுக்கும் உரிய பணத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். காணி இன்னும் மூத்தவளின் ஈட்டில்தான் இருக்கின்றது. இளையவளுக்காக அதில் ஒரு சதமும் கூடவில்லை.